சித்திரமும் சிசுவும்

ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் முன்னே, பால் புட்டியின் வர்ணப் புகைப்படம் அச்சான பக்கத்தை விரித்து வைத்துவிட்டு, நாம் ஒன்றும் பேசாமல் ஒதுங்கியிருந்து கவனிப்போமானால், அது அந்தப் படத்தை உள்ளங்கையால் தேய்ப்பதையும், தட்டிப் பார்ப்பதையும், சில சமயங்களில் விரல்களைக் குவித்துப் புட்டியைத் தாளிலிருந்து பெயர்த்தெடுக்க முயல்வதையும் காணலாம். பெற்றோர் இதைக் கண்டு சிரித்துவிட்டுப் போவது வழக்கம். இது சிரிப்போடு முடிந்துவிடும் விஷயமன்று என்று கருதிய அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஜூடி டிலோச், தம் சகாக்களுடன் இதனை முறைப்படி ஆராய்ந்து 1998-இல் முடிவுகளை வெளியிட்டார். படப் புத்தகங்களுக்கிடையே வளரும் அமெரிக்கக் குழந்தைகள் மட்டுமின்றி, படம் என்பதே அபூர்வமாகக் கண்ணில் படும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுக் கிராமமொன்றில் வளர்ந்த பெங் இனத்துக் குழந்தைகளும், அதே பருவத்தில் அதே விதமாகப் படத்தைப் பற்றி எடுக்கவே முயன்றன என்பது அவ்வாராய்ச்சியில் வெளிப்பட்ட செய்தி. 19 மாதப் பிராயத்தை எட்டிய குழந்தைகளோ பிடுங்கும் முயற்சியைப் பெரும்பாலும் கைவிட்டு, படத்தைச் சுட்டிக் காட்டவும், அதன் பேரைச் சொல்லவும் தலைப்பட்டன.

இடைப்பட்ட அந்த மாதங்களில் குழந்தை எதைக் கற்றுக்கொண்டது? உருவத்தை அடையாளம் காண்பதைத்தான் கற்றிருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 1962-இல் ஜூலியன் ஹாக்பெர்க், வர்ஜீனியா புரூக்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஒரு விசித்திரமான பரிசோதனை அதற்கு மாறாகச் சொல்லுகிறது. ஒரு குழந்தையை 19 மாதம் வரையில் கூடியமட்டும் படங்கள் கண்ணில் படாதவாறும், தற்செயலாகப் பட்டவற்றிற்கு எவரும் பேர் சொல்லிக் கொடுக்காதவாறும் வளர்த்து, அதன்பின் கோட்டுச் சித்திரங்களையும் புகைப்படங்களையும் காட்டியபோது, அது தனக்குப் பழக்கமான வஸ்துக்களை அவற்றில் கண்டு பேர் சொல்லிற்று. ஆகவே உருவத்தை இனங்காணும் சக்தி, எவரும் பாடம் சொல்லாமலேயே குழந்தைக்கு வாய்த்துவிடுகிறது. மையும் தாளுமான இந்தப் பொருள் தனக்காக இங்கே இல்லை, எங்கோ இருக்கும் வேறொரு பொருளின் பிரதிநிதியாகவே நிற்கிறது என்னும் ஞானந்தான் மெள்ள மெள்ளப் பழக்கத்தால் சித்திக்கிறது. குழந்தைக்குப் படப் புத்தகம் தேர்ந்தெடுப்பது பற்றிக் கூறப்படும் யோசனைகளில் பிரயோஜனமுள்ளவை அநேகமாக யாவும், என் அபிப்பிராயத்தில், இந்த ஒரே உண்மையின் கிளைகளாகவே இருக்கின்றன.

அந்த ஞானம் எவ்வளவு சிரமப்பட்டு வருவது என்பதை டிலோச் 1987-இல் வெளியிட்ட மற்றொரு பரிசோதனை வெகு அழகாக விளக்குகிறது. நாற்காலி, சோபா, கூடை முதலியவை கொண்ட ஓர் அறையும், அதே சாமான்கள் அதே ஒழுங்கில் அமைந்த அதன் சிறிய மாதிரியும் தயாரிக்கப்பட்டன. குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாதிரி அறையில் ஒரு சிறிய பொம்மையை ஒளித்துவைத்து, "இதே இடத்தில் பெரிய அறையில் பெரிய பொம்மை இருக்கிறது, தேடி எடு" என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் நேரே சென்று எடுத்துவிட்டன. அவற்றைவிட அரை வயதே குறைந்த குழந்தைகள் திகைத்து நின்று கண்ட இடத்தில் தேடின. ஞாபகக் குறைவு என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. ஏனெனில், மாதிரி அறைக்குத் திரும்பி வந்ததும் அதே குழந்தைகள் சிறிய பொம்மையைத் தயக்கமின்றி எடுத்தன. ஆச்சரியம் என்னவென்றால், மாதிரி அறைக்குப் பதிலாக வெறும் புகைப்படத்தில் இடத்தைச் சுட்டிக் காட்டியபோது, இரண்டரை வயதுக் குழந்தைகளும் தேறிவிட்டன. பின்னர் நடத்திய சோதனைகளில், மாதிரியைத் தொட முடியாதபடி கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் சிறியவர்கள் முன்னேறினார்கள். மூன்று வயதினரைச் சிறிது நேரம் அதனோடு விளையாடவிட்டுப் பிறகு சோதித்தால் அவர்கள் பின்வாங்கினார்கள். ஒரு பொருள் தன்னளவிலேயே எவ்வளவுக்கெவ்வளவு மனத்தைக் கவருகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அது இன்னொன்றின் அடையாளமாக நிற்கும் தகுதியை இழந்துவிடுகிறது என்பதே இவற்றின் தாற்பரியம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு புத்தகக் கடைக்குள் நுழைந்தால், கண்ணாடி அலமாரியில் பிரதான ஸ்தானம் பெற்று, விலையிலும் மற்றவற்றை மிஞ்சி நிற்கும் புத்தகங்களே நம் சந்தேகத்துக்கு முதலில் உரியனவாகின்றன. பக்கத்தைத் திறந்ததும் யானை எழுந்து நிற்பதும், மடலைத் தூக்கினால் பூனை எட்டிப் பார்ப்பதும், இழுத்தால் முதலை வாய் பிளப்பதுமான பாப்-அப் புத்தகங்களைப் பேரப்பிள்ளைக்குப் பரிசளிக்க விரும்பாத தாத்தா இல்லை. குழந்தைக்கும் அவற்றில் அளவற்ற ஆனந்தம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் டிலோச்சும் அவருடன் உழைத்தவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள், இத்தகைய புத்தகத்தில் பார்த்த பிராணிகளைப் பற்றி அறிந்துகொண்டதைவிட, அதே விஷயத்தை அசையாத சாதாரணப் படங்களில் பார்த்தபோது அதிகம் அறிந்துகொண்டன. 2012-இல் ஆங்கில அகரவரிசைப் புத்தகங்களைக் கொண்டு செய்த சோதனையிலும், தூக்கவும் இழுக்கவும் வசதி செய்யப்பட்ட புத்தகம் எழுத்துக்களைக் கற்பிப்பதில் பின்தங்கியே நின்றது. மடலைத் தூக்குவதே குழந்தையின் லட்சியமாகிவிட்டபின், மடலுக்கு அடியில் இருப்பது பூனையா, எழுத்தா என்பதில் அதற்கு அக்கறை இருக்க நியாயமில்லை. பாப்-அப் புத்தகத்தை விளையாட்டுச் சாமானாக வாங்குவதில் குற்றமில்லை. அதைப் பாட சாதனம் என்று எண்ணி வாங்குவதுதான் தவறு. பட்டனை அழுத்தினால் பசு கத்தும் புத்தகங்களுக்கும் இதே தீர்ப்பைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இனி, சித்திரம் எப்படி இருக்கவேண்டும்? பட்ரீஷியா கனியா என்னும் ஆராய்ச்சியாளர், டிலோச்சும் பங்குகொண்ட 2008-ஆம் ஆண்டு ஆராய்ச்சி ஒன்றில், 15 மாத, 18 மாதக் குழந்தைகளுக்குப் படத்தின் மூலம் ஒரு புதிய பொருளின் பேரைக் கற்பித்து, உண்மையான அப்பொருளைக் கண்டதும் அதே பேரை அதற்கு ஏற்றுகின்றனவா என்று பார்த்தார். புகைப்படமோ, புகைப்படத்தை ஒத்த சித்திரமோ காட்டினால் இது எளிதாக நடந்தது. உருவத்தைக் குறுக்கியும் உப்பவைத்தும் வரைந்த கேலிச்சித்திர பாணியில் காட்டினால் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. எனவே முதல் இரண்டு வயது வரையில், பழமென்றால் பழம் போலவும் காக்கையென்றால் காக்கை போலவும் இருக்கும் புத்தகங்களே உத்தமம். அதற்கென்று, அப்பருவத்தைத் தாண்டியும் குழந்தைக்குப் புகைப்படம் ஒன்றே கதி என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கிலுகிலுப்பை ஒன்றைச் செய்யும் விதத்தைப் படங்களில் காட்டி அதைப் பார்த்துச் செய்யச் சொன்ன வேறொரு சோதனையில், வயது ஏற ஏற, வர்ணச் சித்திரத்திலிருந்தும் பிறகு வெறும் கோட்டுச் சித்திரத்திலிருந்தும் கற்கும் திறமை வளர்ந்து வருவது தெரிந்தது. மூன்று வயதுக்குமேல் சித்திரக்காரனின் கற்பனைக்கு வேலி போடுவது அநாவசியம். அது குழந்தைக்குச் செய்யும் துரோகமுமாகும்.

மிருகங்களுக்குச் சட்டை மாட்டிப் பேசவைக்கும் புத்தகங்களைப் பற்றி ஒரு சர்ச்சை உண்டு. பஞ்சதந்திரம் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு, நரி பேசுவதில் என்ன ஆட்சேபம் இருக்க முடியும் என்று தோன்றுவது இயல்பே. கனியாவும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கேவி என்னும் தென்அமெரிக்கக் கொறிவிலங்கு, கை போன்ற துடுப்புகளால் கடலடியில் நடக்கும் ஒரு மீன் முதலிய, குழந்தைகள் முன்பின் அறியாத பிராணிகளைப் பற்றிய புத்தகங்களைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பிராணிகள் மனிதரைப்போல் நினைப்பதாகவும் பேசுவதாகவும் எழுதிய புத்தகத்தைக் கேட்ட குழந்தைகள், அவற்றின் உண்மையான வாழ்க்கையைப் பற்றிக் குறைவாகவே அறிந்துகொண்டன. சித்திரமும் அவ்வாறே அமைந்துவிட்டால், நிஜமான பிராணிக்கும் பேசுதல் முதலிய மனித குணங்கள் உண்டு என்று சாதித்தன. இதைவிட எதிர்பாராதது பிந்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு. பகிர்ந்து கொடுப்பதன் பெருமையைச் சொல்லும் ஒரே கதையை மனிதப் பாத்திரங்களோடும், ஆடையணிந்த மிருகப் பாத்திரங்களோடும் தனித்தனியே தயாரித்து நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டியபோது, மனிதப் பாத்திரங்களின் கதையைக் கேட்டவர்களே தம்மிடமிருந்த ஒட்டுப்படங்களைப் பிறருக்கு அதிகமாகக் கொடுத்தார்கள். நீதி சொல்ல மிருகமே ஏற்றது என்று நெடுங்காலமாக நம்பிவந்த நமக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்திதான். ஆயினும் பஞ்சதந்திரத்தைப் பரணில் போடவேண்டியதில்லை. கதை கதைக்காகவே சொல்லப்படும்போது நரி தாராளமாகப் பேசட்டும். நரி என்னும் பிராணி எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது என்று சொல்ல வந்த புத்தகத்தில் மட்டும் அது வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

நெருக்கமான பக்கம் வேறொரு தொல்லை. ஒரு பக்கத்தில் எத்தனை அதிகமான சாமான்கள் இருக்கின்றனவோ அவ்வளவுக்குப் பணத்துக்குப் பெறுமானம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் பலர். இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸோயி ஃப்ளாக்கும் ஜெஸிகா ஹார்ஸ்ட்டும் செய்து 2018-இல் வெளியிட்ட சோதனையில், புத்தகத்தை விரித்தால் ஒரே ஒரு சித்திரம் தெரியும்படி அமைத்தபோது, மூன்று வயதுக் குழந்தைகள் கதையில் வந்த புதிய சொற்களை நன்கு பற்றிக்கொண்டன. இரு பக்கமும் இரண்டு சித்திரங்கள் இருந்தபோது கற்ற சொற்கள் குறைந்துவிட்டன. காரணம் எளியது: காதில் விழும் வாக்கியம் எந்தப் படத்தைச் சேர்ந்தது என்று குழந்தைக்குத் தெரிவதில்லை. பரிகாரமும் எளியதே. ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கத் தொடங்குமுன் அதற்குரிய சித்திரத்தின் மேல் கையை ஒரு முறை வீசிக் காட்டினால், இரண்டு சித்திரங்களால் வந்த குறை நீங்கிவிட்டது. பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர், தாமே படிக்கத் தொடங்கியிருக்கும் சிறுவர் சிறுமியரின் கண் அசைவைக் கருவியால் அளந்து 2020-இல் வெளியிட்ட முடிவும் இதற்கு அரணாக இருக்கிறது: கதைக்குச் சம்பந்தமில்லாத அலங்காரங்களைச் சித்திரத்திலிருந்து நீக்கியபோது பார்வை அலைவது குறைந்து, படித்ததன் பொருள் நன்றாக விளங்கிற்று. ஆகவே கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் எழுதியிருக்கும் வாக்கியத்தைப் படித்துவிட்டு, அந்த வாக்கியம் எதைப் பற்றியது என்பதை நம் கண் உடனே சித்திரத்தில் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தாலே போதும். நமக்கே தேடவேண்டியிருந்தால் குழந்தையின் கதியைக் கேட்பானேன்?

எழுத்துக்களைக் கற்பிக்கும் ஆசையோடு படப் புத்தகம் வாங்குகிறவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கனடாவில் எவன்ஸ், சான்-ஓபான் என்னும் இருவர், மடியில் அமர்ந்து கதை கேட்கும் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளின் கண் எங்கே செல்கிறது என்று அளந்து 2005-இல் வெளியிட்டார்கள். கண்கள் ஏறக்குறைய முழு நேரமும் சித்திரத்திலேயே உலவின. எழுத்தின் பக்கம் திரும்பவே இல்லை என்று சொல்லிவிடலாம். எழுத்தின் அளவும் அமைப்பும் எப்படி இருந்தாலும் இதில் பெரிய மாறுதல் இல்லை. யாராவது விரலால் தொட்டுக் காட்டினாலன்றி எழுத்து குழந்தைக்கு ஓரத்து அலங்காரமே. இதில் ஒரு லாபமும் உண்டு: தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அச்சாகிவரும் இருமொழிப் புத்தகங்கள் குழந்தையைக் குழப்பிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்களே, அந்த அச்சத்துக்கு அவ்வளவாக ஆதாரமில்லை.

எழுத்துப் புத்தகங்கள் என்றவுடன், அணில், ஆடு, இலை, ஈ என்று தொடங்கும் நம் அரிச்சுவடிப் படங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. நான்கு எழுத்து வரையில் யாதொரு குறையுமில்லை. அணிலும் ஆடும் குழந்தை கண்டறிந்த பிராணிகள். உகரத்துக்கு உரல் வந்ததும் தொல்லை ஆரம்பமாகிறது. அந்த அட்டை முதலில் அச்சான காலத்தில் வீட்டுக்கு வீடு உரல் இருந்தது. இன்று அடுக்குமாடி வீட்டில் வளரும் குழந்தை உரலைக் காண்பதே அந்தப் படத்தில்தான். ஔகாரத்துக்கு ஔவையாரை விட்டால் வழியில்லை என்பதால், கோலூன்றிய மூதாட்டி ஒருத்தியின் படத்தைப் பார்த்து "பாட்டி" என்று குழந்தை சொல்ல, "ஔவையார்" என்று நாம் திருத்த, இரண்டில் எது சரி என்று அது விழிக்கும். படம் எதைக் குறிக்கிறதோ அதைக் குழந்தை நேரில் கண்டு, தொட்டு, அதனோடு பழகியிருந்தாலன்றி, அந்தப் படம் எழுத்துக்குப் படிக்கட்டாக உதவாது. 1658-இல் நியூரம்பர்க் நகரில் கொமீனியஸ் என்னும் கல்வியாளர் வெளியிட்ட, ஐரோப்பாவின் முதல் சித்திரப் பாடநூல் என்று புகழப்படும் 'ஆர்பிஸ் பிக்டஸ்', எழுத்துக்களைப் பிராணிகளின் குரலோடு இணைத்துத்தான் தொடங்குகிறது. காக்கை கத்தும் ஒலிக்கு ஓர் எழுத்து, ஆடு கத்தும் ஒலிக்கு ஓர் எழுத்து என்று, குழந்தை ஏற்கெனவே கேட்டறிந்த ஒலியிலிருந்து அறியாத எழுத்துக்குச் செல்லும் அந்தக் கிழவரின் யுக்தியை, மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நம் அட்டைப் படக்காரர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

எத்தனை புத்தகங்கள் வேண்டும் என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லிவிடலாம். மூன்று வயதுக் குழந்தைகளில் சிலருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பவும், சிலருக்கு வெவ்வேறு கதைகளையும் ஒரு வார காலத்தில் படித்துக் காட்டி, புதிய சொற்களை மட்டும் இரு சாராரும் சம எண்ணிக்கையில் கேட்கும்படி அமைத்த ஹார்ஸ்ட்டின் 2011-ஆம் ஆண்டுச் சோதனையில், ஒரே கதையைக் கேட்டவர்களே அச்சொற்களை ஞாபகத்தில் இருத்திக்கொண்டார்கள். படித்த கதையையே மறுபடி படிக்கச் சொல்லிப் பிடிவாதம் செய்யும் குழந்தை தன் காரியத்தை அறிந்தே செய்கிறது. பெட்டி நிறைய வாங்குவதைவிட, நாற்பதாம் முறை படித்தாலும் பெரியவருக்குச் சலிக்காத ஐந்தாறு புத்தகங்களை வாங்குவதே விவேகம்.

கடைசியாக மொழிநடை, நமக்கு மிகவும் முக்கியமானதும் நம் புத்தக விமர்சகர்கள் அநேகமாகத் தொடாததும் இதுவே. அமெரிக்காவில் ஜெசிகா மோண்டாக் முதலியோர் நூறு படப் புத்தகங்களின் சொற்களை, பெற்றோர் குழந்தைகளிடம் சாதாரணமாகப் பேசும் பேச்சோடு ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டார்கள். அளவில் சமமான பேச்சைக் காட்டிலும் புத்தகங்களில் சொல்வகை அதிகமாக இருந்தது. ஆங்கிலத்திலேயே இப்படியென்றால், வீட்டில் "வர்றான்" என்று பேசி ஏட்டில் "வருகிறான்" என்று எழுதும் நமக்கு, புத்தகத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தூரம் பன்மடங்கு. குழந்தைக்கு விளங்காதென்று அஞ்சி, எழுதியிருப்பதைப் பேச்சு வழக்குக்கு மாற்றிப் படிக்கும் தாய்மார்களை அடிக்கடி காண்கிறோம். நம்மைப்போலவே பேச்சுக்கும் எழுத்துக்கும் வெவ்வேறு வழக்குடைய அரபு மொழியில் இந்தப் பிரச்னையை ஆராய்ந்தவர் இஸ்ரேலைச் சேர்ந்த டீனா ஃபெய்டல்ஸன். பாலர் வகுப்புகளில் இலக்கிய அரபியில் எழுதிய கதைகளை எழுதியபடியே ஒழுங்காகப் படித்துக் காட்டிவந்தபோது, அக்குழந்தைகள் கதையைக் கேட்டுப் புரிந்துகொள்வதிலும், படத்தைப் பார்த்துத் தாமே கதை சொல்வதிலும் மற்றவர்களை மிஞ்சினார்கள் என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்டார்கள். பள்ளிக்குச் சென்று திடீரென்று அந்நிய பாஷையைப்போல எழுத்து வழக்கைச் சந்திப்பதற்கு முன், மடியில் அமர்ந்தே அதைக் காதாரக் கேட்டுவிடுவது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் எழுத்து வழக்கில் வாசிப்பதோடு காரியம் முடிவதில்லை. கிரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் சகாக்களும் 1988-இல் வெளியிட்ட பிரசித்தமான ஆராய்ச்சியில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோர் ஒரு சாராருக்கு, கதையைக் கடகடவென்று படிக்காமல் இடையிடையே நிறுத்தி, "ஆம், இல்லை" என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்கவும், குழந்தை சொல்லும் அரைகுறைச் சொல்லை எடுத்து முழு வாக்கியமாக்கித் திருப்பித் தரவும் பயிற்சி அளித்தார்கள். இரு சாராரும் ஒரே அளவில்தான் புத்தகம் படித்தார்கள். ஒரே மாதத்தில் பயிற்சி பெற்றவர்களின் குழந்தைகள் பேச்சுத் திறனில் முந்திவிட்டன. ஆகவே வாக்கியத்தை எழுதியபடி ஒரு முறை வாசித்துவிட்டு, பிறகு சித்திரத்தைக் காட்டி வீட்டுப் பேச்சில், "இவன் ஏன் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கான்?" என்று கேட்பது, இரண்டு வழக்கையும் ஒரே மடியில் கற்பிக்கும் முறையாகும். பக்கத்துக்கு ஒன்றிரண்டு சிறு வாக்கியங்களும், எழுத்து சொல்லாத எதையாவது காட்டும் சித்திரமும் உள்ள புத்தகமே இதற்கு இடம் கொடுக்கும். உரைநடை பக்கத்தை நிரப்பி, சித்திரம் அதையே இன்னொரு தடவை சொல்லுமானால் கேட்பதற்கு என்ன இருக்கிறது? சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் வெளியீடுகளிலும், பிரதம் புக்ஸ் என்னும் பதிப்பகம் 2015-இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் என்னும் இணையச் சேகரத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்க் கதைகளிலும் இந்த இலக்கணத்துக்கு ஒத்தவை பல உண்டு. பின்னதில் 1 முதல் 4 வரை குறிக்கப்பட்டிருக்கும் நிலைகள், குழந்தை தானே படிப்பதற்காக வகுத்தவை. மடியில் வைத்துப் படித்துக் காட்டுகிறவர் அந்த எண்ணுக்குக் கட்டுப்படவேண்டியதில்லை.

எழுத்தே இல்லாத, சித்திரங்களாலேயே கதை நடக்கும் புத்தகங்களும் இருக்கின்றன. படிக்க எதுவுமில்லாத புத்தகத்துக்குப் பணம் கொடுப்பதா என்று நம்மவர்கள் அவற்றைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது எழுத்தறியாத பாட்டியாக இருக்கும் வீடுகள் இந்நாட்டில் இன்னும் ஏராளம். அந்த வீடுகளுக்கு வாங்கத் தக்க முதல் புத்தகம் அதுதான்.